டிக்கெட்டா, கணக்கா: ஓர் ஆதரவுக் குழு உடைந்த கதை

சவுதியின் கிழக்குக் கரையில் கணக்குத் தீராமல் மாட்டிக்கொண்ட 11 மீனவர்களுக்காக, குளச்சலுக்கு மேற்கே ஓர் ஆலய மண்டபத்தில் ஆதரவுக் குழு ஒன்று தொடங்கினோம். ஆட்கள் ஊர் திரும்பியபோது அது மூன்று குழுவாகியிருந்தது. மூன்றும் தனித்தனியாக நோட்டீஸ் அடித்து, தாங்கள்தான் அழைத்து வந்தோம் என்று சொல்லிக்கொண்டன. இப்படி உடையும் குழுக்களைப் பற்றி வெளியே பேசினால் "ஒற்றுமையைக் கெடுக்காதே" என்பார்கள். ஆனால் பேசாமல் மூடி வைப்பதால்தான் அடுத்த தடவையும் அதே இடத்தில் உடைகிறது என்பது என் எண்ணம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், சண்டை போட்ட கட்சிகளின் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. நாளைக்கு இன்னொரு பிரச்சினை வந்தால் எல்லாரும் அதே மண்டபத்தில்தான் உட்கார வேண்டும்.

குழுவில் எனக்கு வாய்த்தது மனு எழுதும் வேலை. மனு எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, யார் எந்த வரியைச் சேர்க்கச் சொல்கிறார், யார் எந்த வரியை அடிக்கச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். ஊரில் பேசிக்கொள்வது "கட்சிக்காரங்க உள்ளே வந்தாங்க, குழு நாசமாப் போச்சு" என்பது. பாதி உண்மை. கட்சிக்காரர்கள் வருவதற்கு முன்பே விரிசல் இருந்தது: அந்த 11 பேருக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்காமலேயே நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகும் நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். கஃபீலின், அதாவது விசா கொடுத்து வேலைக்கு வைத்திருக்கும் அங்குள்ள முதலாளியின், லாஞ்சில் போய், கூடு போட்டோ வலை விட்டோ பிடித்து வரும் மீனை விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு, கூட்டுக்கான கம்பி என்று செலவெல்லாம் கழித்து, மிச்சத்தில் லாஞ்சுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. இதை இந்த 11 பேருக்கும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இங்கேயும் அதே முறைதான். ஆனால் இங்கே முதலாளி ஏமாற்றினால் ஊர்க் கமிட்டியில் போய்ச் சொல்லலாம். அங்கே கஃபீல் மாசக்கணக்கில் கணக்கே முடிக்கவில்லை, வீட்டுக்கு அனுப்ப அவ்வப்போது கொஞ்சம் செலவுக்காசு மட்டும் கொடுத்து வந்தார். பிறகு லாஞ்சின் எஞ்சின் போய்விட்டது. ஆட்களின் இக்காமாவும், அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையும், முடிந்துவிட்டது. இக்காமா இல்லாதவனைக் கடலோரக் காவல்படை துறையை விட்டு வெளியே விடாது. பாஸ்போர்ட் எல்லாம் கஃபீல் கையில். அவர் சொன்ன வழி ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு எந்தப் பாக்கியும் வர வேண்டியதில்லை" என்று எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் எக்ஸிட் (நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) அடித்துத் தருவார்.

அதாவது ஊர் திரும்புவதற்கு அவர் வைத்த விலை அந்தக் கையெழுத்து. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதையில் மற்ற எதையும் புரிந்துகொள்ள முடியாது.

சட்டத்துக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: சவுதியின் 2005-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் 7-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வீட்டு வேலைக்காரர்கள் உட்படச் சிலருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லும் அந்தப் பட்டியலில், 500 டன்னுக்குக் குறைந்த கலங்களில் வேலை செய்யும் கடல் தொழிலாளர்களும் உண்டு. நம் ஆட்கள் ஏறும் லாஞ்ச் 500 டன் பக்கமே வராது. 2021 மார்ச்சில், தொழிலாளியைக் கஃபீலோடு கட்டிப்போடும் கஃபாலா முறையைத் தளர்த்தி, முதலாளி சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம், வெளியேறலாம் என்று கொண்டுவந்த மாற்றமும் தொழிலாளர் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான். தூதரகம் கஃபீலைக் கூப்பிட்டுப் பேசலாம், அவ்வளவே. சட்டப்படிக் கேட்பதற்குப் பிடிமானம் குறைவு என்பதால் எல்லாமே பேச்சுவார்த்தையில்தான் நின்றது. பேச்சுவார்த்தையில் நம் பக்கம் என்ன கேட்கிறோம் என்பதில் ஒரே குரல் இல்லாவிட்டால் எதிராளிக்குக் கொண்டாட்டம்.

முதல் கூட்டத்துக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. பங்குத்தந்தை, ஊர்க் கமிட்டி ஆட்கள், இடதுசாரித் தொழிற்சங்கத்தார், டெல்லியில் ஆளும் கட்சியின் மீனவர் அணி, சென்னையில் ஆளும் கட்சியின் மீனவர் அணி, வளைகுடாவில் இருந்து திரும்பி வந்தவர்கள் சிலர், சில விசைப்படகு முதலாளிகள். பின்வரிசையில் குடும்பத்துப் பெண்கள். மேடையில் எட்டோ ஒன்பதோ பேர் பேசினார்கள். பின்வரிசையில் இருந்து யாரையும் பேசக் கூப்பிடவில்லை. "11 மீனவர்களையும் உடனடியாக மீட்க வேண்டும்" என்று தீர்மானம் போட்டு, கைதட்டி, டீ குடித்துக் கலைந்தார்கள். நானும் அப்படியே மனு எழுதி மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, முதல்வருக்கு ஒன்று, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) தளத்தில் ஒன்று என்று அனுப்பினேன். ('மதத்' என்றால் இந்தியில் உதவி. 2015-ல் வந்த புகார்த் தளம் அது. அதில் பதிந்து எண் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பிறகு எல்லாரும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.)

மனுவைப் படமெடுத்து அந்த 11 பேரில் மூத்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பதிலுக்கு வந்த குரல் பதிவு எல்லாரையும் உட்கார வைத்துவிட்டது. "வந்து மட்டும் என்ன செய்ய? வட்டிக்காரன் வாசல்ல நிப்பான். கணக்க முடிக்கச் சொல்லுங்க சார், டிக்கெட்டு நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் நகை அடகிலும் வட்டியிலும் வந்தது. சட்டப்படி பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். இவர்களில் யாருமே அதைப்போல் பல மடங்குக்குக் குறையாமல் கொடுத்திருக்கிறார்கள். வெறுங்கையோடு வந்து இறங்குகிறவனுக்கு அந்தக் கடன் அப்படியே இருக்கும், கையில் வேலை இருக்காது. குடும்பங்களுக்குள்ளேயும் இதே பிரிவுதான். ஒரு தாயார் பங்குத்தந்தையிடம் "ஃபாதர், எம்மோன் உயிரோட வந்தா போதும்" என்று அழுதார். அதே வீட்டு மருமகள் வெளியே வந்து என்னிடம் சொன்னது: "அத்தைக்கு மோன் வந்தா போதும். அடகுக் கடையில போய் நிக்கிறது நான்தான அண்ணா."

திருவட்டாறு பக்கத்தில் இருந்து வந்திருந்த, முன்பு ஜித்தாவில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் 2016 கதையைச் சொன்னார். அந்த வருடம் சவுதி ஓஜர் போன்ற பெரிய கட்டுமான நிறுவனங்கள் மாசக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல் விட்டு, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் முகாம்களில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் கிடந்தார்கள். அப்போதைய வெளியுறவு இணை அமைச்சர் வி.கே.சிங் நேரில் போனார். பாக்கித் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள், பிறகு வாங்கித் தருகிறோம் என்றார்கள். 2017-ல் ஓஜர் நிறுவனமே மூடப்பட்டது. ஊருக்கு வந்தவர்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். "இங்க வந்து ஏறியாச்சுன்னா அங்க ஒனக்காகப் பேச ஆள் கிடையாது" என்றார். அவர் பேசியபோது மேடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் கட்சிகளுக்கு வேலை வந்தது. ஆட்களை அழைத்து வருவது என்றால் அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு விமான நிலையம் உண்டு, சால்வை உண்டு, போட்டோ உண்டு. கணக்கு முடிப்பது என்றால் எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் தம்மாமில் ஒரு கஃபீலின் திண்ணையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு ஆளும் கட்சி அணிகளும் சொல்லிவைத்தாற்போல் 'ஆள் முதலில், காசு பிறகு' என்ற பக்கம் சேர்ந்துகொண்டன. மற்ற எல்லா விஷயத்திலும் அடித்துக்கொண்ட இருவரும் இதில் மட்டும் ஒன்று. தொழிற்சங்கத்தார் கணக்குப் பக்கம். பங்குத்தந்தை இரண்டுக்கும் நடுவில் திணறினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தாய்மார் அவரிடம்தானே வந்து அழுதார்கள்.

2020 ஈரான் நினைவு எல்லாரையும் அழுத்திக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொரோனா நேரத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மீனவர்களுக்காக இந்தக் கரை முழுவதும் குரல் கொடுத்தது. கடைசியில் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாசில் இருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடி வந்தது. கப்பலில் இடமில்லை என்று சிலர் அங்கேயே விடப்பட்டார்கள். அது உயிர்ப் பிரச்சினை, அப்போது ஆளை அழைத்து வருவதைத் தவிர வேறு கோரிக்கை வைக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எது நடந்தாலும் நாம் அதே அச்சில்தான் மனு எழுதுகிறோம். போர், நோய் என்றால் ஓர் அணுகுமுறை. முதலாளி பங்கை அமுக்கினால் வேறு அணுகுமுறை. இன்னொரு விஷயம், படிப்பு குறைவானவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று இந்தியா வைத்திருக்கும் 18 நாடுகளின் பட்டியலில் சவுதி உண்டு, ஈரான் இல்லை. ஈரானுக்குப் போனவர்கள் அந்தப் பதிவேட்டில் வரவே மாட்டார்கள். சவுதிக்குப் போனவர்கள் வர வேண்டும். எங்கள் 11 பேரில் சிலர் வேறு ஏதோ தொழில் பெயரில் விசா எடுத்துப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் தோண்டினால் ஏஜெண்டில் போய் முட்டும். அதற்கு வருகிறேன்.

டெல்லியா சென்னையா என்ற சண்டையை நீட்டி எழுத விருப்பமில்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வெளிநாடு போவது, பாஸ்போர்ட், விசா எல்லாம் மத்தியப் பட்டியல், 19-ஆவது இனம். மாநிலத்தால் கடிதம் எழுதலாம், நலவாரியம் நடத்தலாம். கேரளாவில் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்குத் தனித் துறை 1996-லேயே வந்துவிட்டது. இங்கே வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011-ல் போட்டு, வாரியம் உண்மையில் அமைய அதற்குப் பத்து வருடம் ஆனது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்காகப் பெருமைப்படும் மாவட்டம் இது. ஆனாலும் வளைகுடாவில் கஷ்டம் என்றால் முதலில் போன் போவது மலையாளி அமைப்புகளுக்குத்தான். எங்கள் ஆட்களுக்கு மலையாளம் பேச வரும், அவர்களுக்கு நாம் அந்நியரில்லை. அங்கே கட்சியும் கிடையாது, சங்கமும் கிடையாது, வேலைநிறுத்தம் செய்தால் நாடு கடத்தல், அதனால் கேரளக் கட்சிகளைச் சார்ந்த கே.எம்.சி.சி., ஓ.ஐ.சி.சி. மாதிரி அமைப்புகள் கலாசாரச் சங்கம் என்ற பெயரில் இயங்குகின்றன. இங்கே ஊரில் அடித்துக்கொள்கிற கட்சிகளின் ஆட்கள் அங்கே பிணவறை வாசலில் ஒரே காகிதத்தைச் சேர்ந்து நின்று முடிப்பார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள்.

வீடியோ விஷயம் அப்படியல்ல, அது உண்மையாகவே கெடுதல் செய்தது.

11 பேரில் இளையவர் ஒருவர் தங்குமிடத்தில் எடுத்த வீடியோ அது. தண்ணீர் இல்லாத தொட்டி, வெறும் குபூஸ் ரொட்டி, பின்னால் லாஞ்சின் எண் தெளிவாகத் தெரிகிறது, கஃபீலின் பெயரையும் சொல்கிறார். குடும்பத்துக்கு மட்டும் என்று அனுப்பியது. குழுவில் பேசி, இதை வெளியிட வேண்டாம், தூதரகத்துக்கு மட்டும் அனுப்புவோம் என்று முடிவு செய்திருந்தோம். மறுநாள் ஒரு கட்சியின் இணைய அணி அதில் தங்கள் கொடியை மூலையில் ஒட்டிப் பரப்பிவிட்டது. சவுதியின் 2007-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி ஒருவரை இணையத்தில் அவதூறு செய்தால் ஒரு வருடம் வரை சிறை, 5 லட்சம் ரியால் வரை அபராதம். வழக்கு வரவில்லை. ஆனால் கஃபீலுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. அந்த இளைஞர் மீதும் இன்னொருவர் மீதும் ஹுரூப் கொடுத்துவிட்டார், அதாவது வேலையை விட்டு ஓடிப்போனவர்கள் என்ற புகார். ஹுரூப் விழுந்தவனுக்குக் கணக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பிடிபட்டால் நேராகத் தர்ஹீல் என்னும் நாடு கடத்தல் முகாம், அங்கிருந்து விமானம்.

அடுத்த கூட்டத்தில் யார் வெளியிட்டது என்று கேட்டபோது "மக்களுக்குத் தெரிய வேண்டாமா" என்றார்கள். தெரிய வேண்டும்தான். ஆனால் அந்தப் படத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வெளியே சொல்லலாமா கூடாதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை அங்கே மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும்தான். நாகர்கோவிலில் மைக் பிடித்து நிற்பவனுக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

தொழிற்சங்கத்தாரும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் அடித்த நோட்டீசில் முதல் கோரிக்கையே, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும் என்பது. மீன்பிடித் தொழிலில் வேலை பற்றிய உடன்படிக்கை அது, 2007-ல் நிறைவேறி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா அதை ஏற்கவில்லை. கோரிக்கை சரியானது. ஆனால் தம்மாமில் 11 பேர் குபூசுக்குக் கஷ்டப்படும்போது குடும்பத்தார் கையில் அந்த நோட்டீசைக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து விசிறிக்கொண்டார்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குடும்பத்தார் அந்தக் கோரிக்கையைக் கண்டுகொள்ளவில்லை, ஆனால் விசைப்படகு முதலாளிகள் படித்துவிட்டார்கள். அந்த உடன்படிக்கைப்படி படகில் ஏறும் ஒவ்வொருவனுக்கும் எழுத்தில் வேலை ஒப்பந்தம் வேண்டும். பங்கு என்றால் அது எப்படிக் கணக்கிடப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அது சவுதி லாஞ்சுக்கு மட்டுமில்லை, குளச்சல், தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தில் இருந்து கிளம்பும் படகுக்கும்தான். இங்கே எந்தப் படகில் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது? இப்போது நம் படகுகளில் வடமாநிலப் பையன்களும் ஏறுகிறார்கள், அவர்களுடைய கணக்கை எந்தத் தாளில் எழுதுகிறோம்? முதலாளிகள் இதைச் சொல்லவில்லை. "கம்யூனிஸ்டு அரசியல் இங்கே வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள். ஒரு மணி நேரம் அது கொள்கைச் சண்டை மாதிரியே நடந்தது. குழுச் செலவுக்குப் பெரும்பகுதி கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதால் நோட்டீசில் இருந்து அந்த வரி போனது. அந்த வாரத்தோடு தொழிற்சங்கத்தார் தனிக்குழு ஆனார்கள்.

இரண்டாவது உடைப்பு ஒரு பேச்சில் நடந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால் நடந்த உண்ணாவிரதத்தில் ஒரு பேச்சாளர் கஃபீலைத் திட்ட ஆரம்பித்து, அரபிகளைத் திட்டி, அப்படியே வண்டியைத் திருப்பி இங்குள்ள முஸ்லிம்கள் மீது ஏற்றினார். கீழே நின்றவர்களில் சிலர் கைதட்டினார்கள். அதே நேரம் அந்த 11 பேருக்கும் தினமும் அரிசியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர் தேங்காய்ப்பட்டினத்துக்காரர், தம்மாமில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர். அந்தப் பேச்சின் துணுக்கு அன்று இரவே அவருக்குப் போனது. அவர் சாப்பாட்டை நிறுத்தவில்லை. குழுவின் போனை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். எங்களுக்கு அங்கே இருந்த ஒரே கண்ணும் காதும் அவர்தான். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இருக்கும் மாவட்டத்தில் மேடையில் மதம் பேசினால் எங்கே போய் முடியும் என்று தெரியாதவர் யாரும் இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பேச்சாளரைக் கண்டித்து ஒரு வரி எழுதலாம் என்றபோது, "இப்ப எதுக்கு, ஆட்கள் வந்து சேரட்டும்" என்று தள்ளிப்போட்டார்கள். கடைசியில் ஊர்க் கமிட்டியில் ஒருவரும் வளைகுடா போய் வந்தவர்கள் சிலரும் தேங்காய்ப்பட்டினத்துக்கே போய் அந்தக் கடைக்காரரின் வாப்பாவைப் பார்த்து வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் போனை எடுத்தார், அதுவும் குழுவின் எண்ணை இல்லை, இவர்களில் ஒருவரின் சொந்த எண்ணை.

அந்தத் தங்குமிடத்துக்குப் பக்கத்து முகாமில் நம் மாவட்டத்தின் மலையோரப் பகுதியைச் சேர்ந்த ஒரு வெல்டர் இருந்தார் என்பதும் அந்தக் கடைக்காரர் வழியாகத்தான் தெரிந்தது. இவர் ஒரு கம்பெனியில் வேலை, பல மாதச் சம்பளம் பாக்கி. கையில் ஒப்பந்தம் உண்டு, வங்கிக்கணக்கு உண்டு, தொழிலாளர் சட்டம் முழுதாகப் பொருந்தும். வழக்கு என்று பார்த்தால் 11 பேரைவிட இவருடையதுதான் பலமானது. அவர் மனைவி ஒரு கூட்டத்துக்கு வந்தார், வாசல் வரை. "இது மீனவர் பிரச்சினைக்கான குழு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திரும்பிப் போய்விட்டார். கடலோரம் ஒரு சமூகம், மலையோரம் வேறு சமூகம். ஆலய மண்டபத்தில் கூட்டம், அவர்கள் கோவிலுக்குப் போகிறவர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2020 செப்டம்பரில் மத்திய அரசு வளைகுடா நாடுகளுக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்துவிட்டு, கேரளாவிலும் தெலங்கானாவிலும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2021-ல் திரும்பப் பெற்றதே, அந்த எதிர்ப்பில் கொத்தன், வெல்டர், டிரைவர் என்று யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. இங்கே மனுவில் "மற்றும் ஒரு வெல்டர்" என்று நான் சேர்த்த மூன்று சொல்லை அடிக்கச் சொன்னார்கள்.

இனி ஏஜெண்ட்.

டெல்லியைத் திட்டினோம், சென்னையைத் திட்டினோம், ரியாத் தூதரகத்தைத் திட்டினோம், கஃபீலைத் திட்டினோம். எந்தக் கூட்டத்திலும் யாரும் வாயைத் திறக்காத பெயர் ஒன்று உண்டு. அவர் பதிவு பெற்ற முகவர் இல்லை. பக்கத்து ஊர்க்காரர், திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவர், இரண்டு கட்சியிலும் சொந்தக்காரர்கள் உள்ளவர், பாதி வீடுகளுக்குக் கல்யாண முறைப்படி ஏதாவது ஒரு வகையில் மாமா அல்லது மச்சான். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்று இல்லாமல் ஆள் சேர்ப்பதே குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பார்கள், அதைச் சொல்லித்தான் எல்லாரும் கைவிரிப்பார்கள். ஆனால் 27-ஆம் பிரிவைக் கடைசி வரை படித்தால், பாதிக்கப்பட்டவரோ அவருக்காக அவருடைய தாய் தகப்பன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று இருக்கிறது. இதை நான் ஒரு கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குரலில் பேசிய இரண்டாவது தடவை வந்தது: "முதல்ல ஆளு வரட்டும். ஏஜெண்டப் பகைச்சுக்கிட்டா அங்க பேசுறதுக்கு ஆள் இல்லாமப் போயிரும்."

இந்தக் குழுவில் அரசியல் சண்டை என்று நாங்கள் பேசிய எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தூரத்தில் இருப்பவனை எதிர்த்துக் கோஷம் போட எல்லாக் கொடிக்கும் தைரியம் இருந்தது. பக்கத்துத் தெருவில் இருப்பவனைக் கேட்க ஒரு கொடியும் வரவில்லை. கேட்டால் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போகும், அடுத்த திருவிழாவில் நன்கொடை போகும், அடுத்த வாரம் தன் தம்பிக்கு விசா போகும். ஓக்கிப் புயல் நேரத்தில், 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்த அதே மக்கள்தான் இவர்கள். அரசை எதிர்த்து நிற்கத் தெரியாதவர்கள் இல்லை. உள்ளூரில் கடன் கொடுத்தவனையும் விசா கொடுத்தவனையும் எதிர்த்து நிற்பது வேறு வகைத் தைரியம்.

கடைசியில் காரியம் நடந்தது எந்தக் குழுவாலும் இல்லை, ஒரு நோட்டால்.

அந்த மூத்தவர் ஒவ்வொரு தடவை துறைக்கு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். இடது பக்கம் தேதி, ஹமூர் இத்தனை கிலோ, ஷேரி இத்தனை கிலோ, ஏலத்தில் போன விலை. வலது பக்கம் டீசல், ஐஸ். சில பக்கங்களில் ஏலச்சீட்டையே சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். மீன் ரத்தம் பட்டுப் பாதி எழுத்து கரைந்திருந்தாலும் தொகை தெரிந்தது. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் உட்கார்ந்து கூட்டி எழுதினார்கள். தேங்காய்ப்பட்டினத்துக்காரர் அதை அரபியில் எழுத வைத்து, தூதரகம் அங்கீகரித்த ஒரு மலையாளி சமூகத் தொண்டரையும் கூட்டிக்கொண்டு கஃபீலிடம் போனார். கஃபீல் எஞ்சின் செலவு என்று பெரிய தொகையைக் கழிக்கப் பார்த்தார். பேசிப் பேசி, வர வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக 9 பேருக்குக் கிடைத்தது. ஹுரூப் விழுந்த இருவருக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் தர்ஹீல் வழியாகத் தனியாக வந்தார்கள். டிக்கெட் செலவு தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதியில் இருந்து வந்தது. 2009-ல் இதற்காகவே ஏற்படுத்திய நிதி அது, யாருடைய சொந்தப் பணமும் இல்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மூன்று குழுவும் தனித்தனி வேன் கொண்டுவந்திருந்தன. யாருடைய வேனில் யார் ஏறுவது என்று வாசலில் தள்ளுமுள்ளு. மூத்தவர் மூன்று சால்வையையும் வாங்கிக்கொண்டு, மகன் கொண்டுவந்த காரில் ஏறிப் போய்விட்டார்.

வெல்டர் இன்னும் அங்கேதான். தனக்காக வழக்கு நடத்த ஒருவருக்கு வக்காலா (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம், பாக்கியைக் கைவிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். 'நாம்' என்றால் இப்போது நாலைந்து பேர்தான், தொழிற்சங்கத்தில் இருந்து இருவர், ஊர்க் கமிட்டியில் ஒருவர், அந்த ஜித்தா மேற்பார்வையாளர், நான். கூட்டம் போடுவதில்லை, பெயரும் வைக்கவில்லை. யாராவது மாட்டிக்கொண்டார்கள் என்றால் முதலில் அவரிடமே நான்கு விஷயம் கேட்டுக் குரல் பதிவு வாங்கி வைக்கிறோம்: வர வேண்டுமா, கணக்கு வேண்டுமா, பெயரையும் படத்தையும் வெளியிடலாமா, உங்களுக்காகக் கையெழுத்துப் போட இங்கே யார். பதில் வராமல் மனு எழுதுவதில்லை. ஏற்கெனவே இதற்கு "நீங்க யாரு கேக்கதுக்கு" என்று ஒரு கட்சி அலுவலகத்தில் இருந்து கேட்டாயிற்று.

ஏஜெண்ட் மீது அந்த மருமகள் புகார் கொடுத்துவிட்டார், மாமியாருக்குத் தெரியாமல். கூடச் சாட்சி சொல்ல நான்கு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களில் மூன்று பேர் அதே ஏஜெண்ட் கொடுத்த விசாவில் பஹ்ரைன் போயாச்சு.